கரடியின் மூக்கும் இருபத்து நான்கு முகங்களும்

அந்த ஸ்டூடியோவில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலாளி முதலில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவது ஒரு படத்தின் முன்னால்தான். வரவேற்பு மேசைக்குப் பின்சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. படத்தில் ஒரு கரடி பொம்மை. அதன் மூக்கில் தையல் பிரிந்து நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. கரடிக்குப் பின்னால் மாவைக் கரைத்து ஊற்றியதுபோல ஏதோ வெளுத்துத் தெரியும். அது ஒரு குழந்தையின் முகம்.

“இது யார் எடுத்த படம் தெரியுமா?” என்பார் முதலாளி. வந்தவர் விழிப்பார். “அதோ உட்கார்ந்திருக்காளே பல்லி, அவ எடுத்தது. இந்த மாதிரி இருநூத்திப் பன்னெண்டு படம். எல்லாத்துலயும் கரடி ரொம்ப நல்லா இருக்கு.”

பல்லி தலையைத் தூக்காமல் தன் வேலையைப் பார்ப்பாள். ஒன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவள் காது மரத்துப் போயிருந்தது.

பல்லி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. சுவரோடு ஒட்டி, தரையோடு ஒட்டி, மேசைக்கு அடியில் புகுந்து படம் எடுக்கிற பழக்கத்தைப் பார்த்துக் கூட வேலை செய்தவர்கள் வைத்தது. இப்போது வீட்டிலும் அதுதான் நிலைத்துவிட்டது. வயது நாற்பத்திரண்டு. இரண்டு முழங்காலிலும் காய்ப்பு. கை வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் வாய் சும்மா இருக்காது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் சின்னப் பிள்ளைகளைப் படம் எடுப்பதுதான் பதினேழு வருஷமாக அவள் பிழைப்பு.

கரடி விஷயத்தில் தப்பு தன்னுடையதுதான் என்று அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் பாதித் தப்புதான் என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கேளுங்கள். ஃபோகஸ் விஷயத்தில் கேமரா நம்மிடம் இரண்டு கேள்வி கேட்கும். ஒன்று, எப்படிப் பிடிக்கட்டும்? ஒரே தடவை பிடித்துப் பூட்டிவிடட்டுமா, இல்லை ஆள் நகர நகர விடாமல் துரத்தட்டுமா? இரண்டு, எங்கே பார்க்கட்டும்? படம் முழுக்கவா, நீ காட்டுகிற ஒரு புள்ளியிலா? ஓடுகிற பிள்ளைகளைத் துரத்தட்டும் என்று முதல் கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னாள் பல்லி. இரண்டாவதை, “நீயே பார்த்துக்கோ” என்று கேமராவிடமே விட்டுவிட்டாள். அந்த மாதிரி விட்டால் கேமரா கைக்கு எட்டியதை, அதாவது மிகப் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். அந்த வருஷம் பார்த்து முதலாளி, பிள்ளைகள் அழாமல் இருக்கட்டும் என்று கையில் கொடுக்க ஒரு கரடியை வாங்கி வைத்திருந்தார். பிள்ளைகள் சும்மா பிடித்துக்கொண்டா இருக்கும்? ஆளாளுக்குக் கரடியை முன்னால் நீட்டின. கேமரா கரடியின் மூக்கைத் துரத்தித் துரத்திப் பிடித்தது.

ஒரு பள்ளிக்கூடம் முழுக்க மறுபடி எடுக்க வேண்டியதாகப் போயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே முதலாளி ஸ்டூடியோவின் எல்லாக் கேமராக்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். ‘ஒரே பிடி, நடுப் புள்ளி’ என்று திருப்பினார். திருகுகிற பொத்தான்களின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் வெள்ளி மைப் பேனாவால் கையெழுத்தும் போட்டார். அன்று முதல் அதுதான் சட்டம். பிள்ளையை ஸ்டூலில் உட்கார வை, கையைக் கட்டச் சொல், நடுவில் பிடி, எடு, அடுத்த பிள்ளையைக் கூப்பிடு.

சொன்னால் உட்காருகிற பிள்ளைக்கு இது போதும். உட்காராத பிள்ளைக்கு? கேமரா ‘பீப்’ என்று ஒரு தூரத்தைப் பிடித்துப் பூட்டிக்கொள்ளும். பூட்டியதற்கும் பொத்தானை அழுத்துவதற்கும் நடுவே பிள்ளை ஒரு சாண் முன்னால் சாய்ந்தால் போதும், எல்லாம் போச்சு. நாலு வயசுப் பிள்ளை பூட்டுக்குள் நிற்குமா?

நிற்காத பிள்ளை ஒன்று போன வருஷம் வந்தது. பெண் பிள்ளை. நின்ற இடத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் டீச்சர்கள் வைத்த பெயர் காத்தாடி. யாரும் தள்ளிவிட வேண்டாம், பாட்டு வேண்டாம், தானாகவே சுற்றும். பேச்சும் எண்ணி எண்ணித்தான் வரும். பல்லி பதினொரு தடவை எடுத்தாள், பதினொன்றும் கலங்கல். வகுப்பில் இருக்கும் இருபத்து நாலு பிள்ளைகளின் முகத்தையும் கட்டம் கட்டமாக ஒரே தாளில் அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். காத்தாடியின் கட்டத்தில் என்ன போடுவது என்று முதலாளி கேட்டபோது, பள்ளிக்கூடத்துச் சின்னத்தைப் போட்டுவிடச் சொன்னார் தலைமையாசிரியை. ஒரு விளக்குப் படம். இருபத்து மூன்று முகமும் ஒரு விளக்குமாகத் தாள் அச்சாயிற்று. பல்லி அதை அன்றைக்கே மறந்தும் போனாள்.

மறந்ததை ஞாபகப்படுத்தியது ஒரு சலவைக்கடை. புருஷனின் சீருடையைக் கொடுக்கப் போனவள், கல்லாவுக்குப் பின்னால் அந்தத் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள்தான் காத்தாடியின் அம்மா என்பது அப்போதுதான் தெரிந்தது. துணி மூட்டைகளுக்கு நடுவே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இதுல நீ எங்க இருக்க, கண்ணு?” என்று பல்லி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டாள்.

காத்தாடி நின்றாள். வந்தாள். தாளின் கடைசி வரிசைக்குக் கொஞ்சமும் தயங்காமல் விரலைக் கொண்டுபோய் விளக்கின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு மறுபடி சுற்றப் போய்விட்டாள்.

“அப்படித்தான்க்கா சொல்றா,” என்றாள் அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து. “நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டோம். அது விளக்கு, நீ இல்லன்னு. அப்ப நான் எங்கன்னு கேக்கறா. என்ன பதில் சொல்றது?”

பல்லி சீருடையைக் கல்லாவின் மேல் போட்டுவிட்டு அந்த விளக்கையே பார்த்தாள். அவமானமா, ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அந்தப் பதினொரு படத்தையும் எடுத்தது வேறு யாரோ அல்ல. கையெழுத்துப் போட்ட டேப்புக்குப் பயந்து, இந்தப் பிடி இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்தும், பதினொரு தடவை அதே பொத்தானை அழுத்தியது அவள் விரல்.

“வர்ற வருஷம் அவ முகம் வரும்,” என்றாள்.

“படம் எடுக்கற அன்னைக்கு வீட்டுலயே வெச்சுக்கச் சொல்லிட்டாங்கக்கா. பள்ளிக்கூடத்துலேர்ந்து சீட்டு வந்துச்சு.”

“சீட்டைக் கிழிச்சுப் போடுங்க. புள்ளைய அனுப்புங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

வாயால் சொல்வது சுலபம். வீட்டில் பழைய கேமரா ஒன்று இருந்தது, யாரோ தூக்கிப் போடப் பார்த்ததை வாங்கி வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்பின் நடையில் உட்கார்ந்தாள். ஓட ஆள்? பஸ் ஓட்டுகிற புருஷன்தான்.

“தலையணைய ரெண்டு கையாலயும் முன்னால நீட்டிக்கங்க. அப்படியே என்னைப் பாத்து ஓடி வாங்க.”

“எதுக்குடி?”

“அதுதாங்க கரடி.”

“நாப்பத்தெட்டு வயசுல தலையணையத் தூக்கிட்டு ஓடணும்னு என் தலையில எழுதியிருக்கு,” என்றார் அவர். ஆனாலும் ஓடினார். தொப்பை குலுங்க, செருப்பு தட்டத் தட்ட, எதிர்வீட்டுக் கதவு திறந்து திறந்து மூட, நாலு மாதம் ஓடினார். அதற்காகவாவது அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

அந்த நாலு மாதத்தில்தான் பல்லிக்கு எல்லாம் பிடிபட்டது. துரத்துகிற பிடிதான் வேண்டும். ஆனால் படம் முழுக்க மேய விடக்கூடாது; சின்னதாக ஒரு கொத்துப் புள்ளி, அது முகம் வருகிற உயரத்தில் இருக்க வேண்டும். நடுவில் தலையணை குறுக்கே வந்தால் உடனே அதற்குத் தாவாமல் கொஞ்சம் பொறுத்துப் பார் என்று கேமராவுக்குச் சொல்ல ஒரு இடம் இருந்தது, அதையும் திருப்பினாள். ஃபோகஸ் பிடிக்கிற வேலையை ஆள்காட்டி விரலிடமிருந்து பிடுங்கிப் பின்பக்கப் பொத்தானில் கட்டை விரலுக்குக் கொடுத்தாள். கட்டை விரல் அழுத்தியிருக்கும்வரை கேமரா துரத்தும், எடுத்தால் அப்படியே நிற்கும். ஓட்டம் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஏற்றினாள். முக்கியமாக இன்னொன்று: தரையில் படுத்து எடுத்தால் தலையணை முகத்தை மறைத்தது. எனவே பல்லி பல்லியாக இருக்கக்கூடாது, ஓடி வருகிறவர் கண்ணுக்கு நேராகக் கேமராவைப் பிடிக்க வேண்டும். புருஷனுக்கு அது அவள் எழுந்து நிற்கிற உயரம். பிள்ளைகளுக்கு எது என்று அவளுக்குத் தெரியும்.

படம் எடுக்கிற நாள் வந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு அறை, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். நடுவில் ஸ்டூல் போட்டு, கால் வைக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்துத் தயாராக வைத்திருந்தார் தலைமையாசிரியை. வரிசையின் கடைசியில் ஒரு டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு காத்தாடி நின்றாள்.

“அந்தப் பொண்ண அனுப்ப வேணாம்னு சொல்லியிருந்தோம். அவங்க அம்மா கேக்கல,” என்றார் தலைமையாசிரியை. “நீங்க சிரமப்பட வேணாம்மா. மத்தவங்கள எடுங்க, அவளுக்கு விளக்கைப் போட்டுக்கலாம்.”

பல்லி தன் பையைத் திறந்தாள். கேமராவை எடுத்தாள். கையெழுத்துப் போட்ட கறுப்பு டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். ஒன்பது வருஷத்து டேப், வருவேனா என்று அடம்பிடித்தது. இழுத்த இழுப்பில் சர்ரென்று வந்தது. அதை எறியக்கூட இல்லை. தன் சட்டைக் கையின் மேலேயே ஒட்டிக்கொண்டு, பொத்தான்களைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பினாள்.

பிறகு பையிலிருந்து கரடியை எடுத்தாள். அதே கரடிதான். ஸ்டூடியோ அலமாரியின் மேல்தட்டில் ஒன்பது வருஷமாகத் தூசி குடித்துக்கொண்டிருந்ததை, முதலாளியிடம் கேட்காமல் கொண்டுவந்திருந்தாள். நேராகப் போய் ஸ்டூலை இழுத்து ஜன்னலோரம் போட்டு அதில் தானே உட்கார்ந்தாள்.

“என்னம்மா இது?”

“ஸ்டூல்ல உட்காரச் சொன்னீங்க மேடம், உட்கார்ந்துட்டேன். புள்ளைங்க அந்தச் சுவத்துலேர்ந்து ஓடி வந்து கரடிய என் கையில குடுக்கணும். அவ்வளவுதான்.”

“ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி இருப்பாங்களே. படம் ஒரே மாதிரி இருக்க வேணாமா?”

“ஒரே மாதிரிதான் இருக்கும். இருபத்து நாலு பேரும் ஓடுவாங்க.”

இதுதான் அவள் நாலு மாதமாக மனசுக்குள் வைத்திருந்தது. ஒருத்தி மட்டும் ஓடினால் அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு விளக்கை வைக்கலாம். எல்லாரும் ஓடினால் யாரைத் தூக்குவார்கள்? ஆனால் ஓட வைத்த படங்கள் கலங்கிப்போனால் விளக்கு ஒன்றல்ல, இருபத்து நாலு. இன்னொரு கரடிக் கதையை முதலாளி தாங்க மாட்டார். வேலை போய்விடும். போனால் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை, பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே முதல் பிள்ளையைக் கூப்பிட்டாள்.

ஓடி வந்தன பிள்ளைகள். கரடியை நீட்டிக்கொண்டு, கரடியின் காதைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு, பாதி வழியில் நின்று மூக்கைச் சொறிந்துகொண்டு. கட்டை விரலை எடுக்காமல் ஒவ்வொன்றின் கண்ணையும் துரத்தினாள். கேமராவின் பின்திரையில் எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது, ஆனால் அந்தத் திரையை அவள் நம்பவில்லை. கரடி நாளிலும் அந்தத் தீப்பெட்டி அளவுத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கடைசியாகக் காத்தாடி. கரடியைக் கையில் கொடுத்ததும் அவள் ஓடவில்லை. சுற்ற ஆரம்பித்தாள்.

“ஓடும்மா, ஓடு,” என்று டீச்சர் முதுகில் கை வைத்தார்.

“தொடாதீங்க. விடுங்க அவள,” என்றாள் பல்லி.

சுற்றுகிற பிள்ளையைத் துரத்தினால் கேமரா பைத்தியமாகிவிடும். முகம், பின்தலை, சுவர், முகம் என்று தாவித் தாவிக் கடைசியில் சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பல்லி ஒரு தடவை முகம் வந்தபோது பிடித்தாள், கட்டை விரலை எடுத்துவிட்டாள். சுற்றுகிறவள் இடம் விட்டு நகரவில்லையே, முகம் திரும்பத் திரும்ப அதே தூரத்துக்குத்தானே வரும். முகம் வரும்போதெல்லாம் ஒரு சொடுக்கு. வரிசையில் நின்ற பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தன. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். பல்லி காத்திருந்தாள், இடுப்பு கடுத்தது.

திடீரென்று காத்தாடி நின்றாள். கையிலிருந்த கரடியைப் பார்த்தாள், பல்லியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கரடியை முன்னால் நீட்டிக்கொண்டு, கோணல்மாணலாக, வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தாள். பல்லியின் கட்டை விரல் தானாக இறங்கியது. ஷட்டர் தடதடவென்று அடித்தது. காத்தாடி வந்த வேகத்தில் கேமராவின் முகத்திலேயே கரடியை அழுத்தினாள்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியபோது முதலாளி வாசலிலேயே நின்றார். அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்த கரடியைப் பார்த்தார். நேராகப் போய்ப் பெரிய திரையின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திறந்து, கண் இமை வரைக்கும் பெரிதாக்கினார். குற்றம் கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தவர்போல இருந்தது. ஒன்று சரி. இரண்டு சரி. பதினான்காவதில் வெகுநேரம் நின்றார். அதுவும் சரி.

காத்தாடி கடைசியாக வந்தாள். சுற்றியபோது எடுத்ததில் எல்லாம் முடி பறந்து முகத்தை மறைத்திருந்தது. ஓடி வந்தபோது எடுத்தது ஒன்பது படம். முதல் ஐந்தில் கரடி முகத்தை மறைத்திருந்தது. ஆறு, ஏழு, பாதி முகம். ஒன்பதாவது ஒரே கறுப்பு. எட்டாவதை முதலாளி பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். முன்னால் கரடி கலங்கிய பழுப்புத் திட்டாகக் கிடந்தது. அதன் காதுக்கு மேலே இரண்டு கண்கள்.

“கண்ணுல ஜன்னல் கம்பி தெரியுது,” என்றார் முதலாளி. பல்லியிடம் சொன்னதுபோல இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் தலைமையாசிரியை நேரிலேயே வந்துவிட்டார். தலை கலைந்திருக்கிறது, பல் தெரிகிறது, கை கட்டவில்லை, பள்ளிக்கூடம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும், ஸ்டூலில் உட்கார வைத்து மறுபடி எடுத்துக் கொடுங்கள் என்றார்.

“மறுபடி எடுத்தா இருபத்து நாலாவது கட்டத்துல என்ன போடுவீங்க மேடம்?” என்று கேட்டாள் பல்லி.

“அதுக்குத்தான் விளக்கு இருக்கே.”

“அப்ப இருபத்து நாலுலயும் விளக்கைப் போடுங்க. எல்லாரும் ஒரே மாதிரி இருப்பாங்க, ஒழுங்கா இருக்கும். இல்லன்னா இருபத்து நாலு முகத்தையும் போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது. நான் மறுபடி எடுக்க மாட்டேன்.”

தலைமையாசிரியை முதலாளியைப் பார்த்தார். பல்லியும் பார்த்தாள். வேலை போகிற நிமிஷம் இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாளிக்குப் பிள்ளைகள் மேல் பெரிய பாசம் என்றெல்லாம் சொன்னால் அவரே சிரிப்பார். பல்லியின் வாய் அவருக்குப் பிடித்ததும் இல்லை. ஆனால் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர். தெளிவாக விழுந்த படத்தை மறுபடி எடு என்று ஒருவர் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்கிறார்.

“படம் கலங்கியிருந்தா மறுபடி எடுத்துத் தருவோம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால தந்திருக்கோம்,” என்றார். “இதுல எது கலங்கியிருக்கு, காட்டுங்க.”

தலைமையாசிரியை காட்டவில்லை. இருபத்து நாலு முகத்தோடு தாள் அச்சுக்குப் போயிற்று. அவர் வெளியேறிய கையோடு முதலாளி புது டேப்பை எடுத்துக் கேமராவில் ஒட்டி, வெள்ளி மையில் கையெழுத்தும் போட்டு வைத்தார். “இது உனக்கு இல்ல, மத்தவங்களுக்கு,” என்றார். பல்லி அவர் கண் முன்னாலேயே அதை உரித்தாள். இன்றைக்கும் அவர் ஒட்டுகிறார், அவள் உரிக்கிறாள். சுவரில் கரடி படமும் அப்படியேதான் தொங்குகிறது, கதையும் ஒரு வார்த்தை மாறவில்லை.

புதுத் தாளைச் சலவைக்கடைக்குப் பல்லியே கொண்டுபோனாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கடைசி வரிசையைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, இருக்கிற துணிகளையே மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். தாள் காத்தாடியின் கைக்குப் போயிற்று. அவள் அதைத் தரையில் விரித்து, விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே போனாள். கடைசிக்கு வந்து மறுபடி முதலிலிருந்து தேடினாள்.

“விளக்கு எங்க?” என்றாள்.

பல்லி முழங்கால் வலியையும் பார்க்காமல் அவளுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாள். “விளக்கு போயிடுச்சு கண்ணு. இனிமே வராது. அந்த இடத்துல யாருன்னு பாரு.”

காத்தாடி தாளில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். ஒரு கையால் தன் கன்னத்தைத் தொட்டாள், மறு விரலால் தாளில் இருந்த கன்னத்தைத் தொட்டாள். “நான்,” என்றாள், யாரோ மறுத்துப் பேசியதற்குப் பதில் சொல்வதுபோல. பிறகு விரல் கீழே இறங்கிப் பழுப்புத் திட்டில் நின்றது. முகம் சுளித்தாள்.

“கரடி சரியாவே தெரியல.”

“ஆமாடி தங்கம்,” என்றாள் பல்லி. “வேணும்னேதான்.”